குறி போடக் கொடுப்பவரிடம் வேலை பழகுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 19 வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். கல்லூரிக்குப் போக மனம் வரவில்லை. மர வேலை பிடிக்கும் என்பதால் பத்து மாதமாகப் பக்கத்து ஊர் ஆசாரி ஒருவரின் பட்டறைக்குப் போகிறேன். நாளுக்கு 400 ரூபாய் தருகிறார். ஆனால் உப்புத்தாள் தேய்ப்பது, மரம் தூக்குவது, பட்டறை கூட்டுவது தவிர வேறு எதுவும் கைக்கு வரவில்லை. கான்கிரீட் தளத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி ஒருவர் தன்னிடம் வந்தால் 800 தருவதாகச் சொல்கிறார். அப்பா ஐடிஐயில் சேரச் சொல்கிறார். மாமாவோ, “நாம என்ன ஆசாரி வீடா? நமக்கு எதுக்குடா இது? இனிமே எல்லாம் யுபிவிசி கதவுதான்” என்கிறார். குழப்பமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா சொல்வதைக் கேளுங்கள், ஐடிஐயில் சேருங்கள். அதே சமயம் ஆசாரியை விட்டுவிடாதீர்கள். சனி, ஞாயிறும் விடுமுறை நாட்களும் அவர் பட்டறைக்குப் போங்கள். ஏன் இரண்டும் வேண்டும் என்பதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன். முப்பது வருடமாக நிலையும் கதவும் செய்து, இப்போது கட்டடங்களுக்கு மர வேலை ஒப்பந்தம் எடுப்பவன் என்ற முறையில், என்னிடம் வேலைக்கு வரும் பையன்களில் யார் தேறுகிறார்கள், யார் கையாளாகவே நின்றுவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வித்தியாசம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மரத்தில் பென்சிலால் குறி போடுவது யார் என்பதில்.

அறுப்பதும் இழைப்பதும் துளை போடுவதும் கைப்பழக்கம். ஆறு மாதம் விடாமல் செய்தால் யாருக்கும் ஓரளவு வந்துவிடும். ஆனால் எங்கே அறுப்பது, எந்தப் பக்கத்தை முகப்பாக வைப்பது, துளைக்குள் நுழையும் நாக்கு எத்தனை நூல், துளை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று முடிவு செய்வதுதான் தச்சு வேலை. அந்த முடிவெல்லாம் குறியில் இருக்கிறது. அடுத்தவர் போட்ட குறியிலேயே பத்து வருடம் அறுத்தவர்களை எனக்குத் தெரியும். அருமையாக அறுப்பார்கள். ஒரு ஜன்னலைத் தனியாகச் செய்யச் சொன்னால் திகைத்து நிற்பார்கள். கூலியும் அந்த அளவிலேயே நின்றுபோகும்.

ஒரு வாசக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிலைக்கால்கள், மேல் சட்டம், கீழே வாசப்படி. பார்க்க எளிது. புதிதாக வருபவர் என்ன செய்வார்? டேப்பை வைத்து ஒரு காலில் அளந்து குறிப்பார். பிறகு அடுத்த காலில் தனியாக அளந்து குறிப்பார். இரண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் வந்துவிடும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நூல் என்றால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அது போதும், நிலை கோணிப்போக. தெரிந்த ஆசாரி இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மூலைமட்டத்தை வைத்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோடு இழுப்பார். ஐந்து நிலை செய்ய வேண்டுமென்றால் ஒரு நேரான குச்சியில் எல்லா அளவையும் ஒருமுறை குறித்துக்கொண்டு, அந்தக் குச்சியிலிருந்தே எல்லா மரத்துக்கும் மாற்றுவார். டேப்பைத் திரும்பத் தொடமாட்டார். மாட்டி முடித்ததும் மூலைக்கு மூலை குறுக்காக அளப்பார். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் ஆணி. இதையெல்லாம் உங்கள் ஆசாரி தினமும் உங்கள் கண்ணெதிரே செய்துகொண்டிருப்பார். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா?

கடுமையாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். ஆசாரி உங்களிடம் குறி போடக் கொடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. நல்ல தேக்கு ஒரு கன அடி ஆயிரக்கணக்கில் விற்கிறது. ஒரு வாசக்கால் ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு மூன்று அங்குல மரம் என்றால், நான்கு சட்டத்துக்கும் சேர்த்து 21 அடி நீளம். பதினைந்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.19 கன அடி. அந்த மரம் வீட்டுக்காரர் காசில் வாங்கியது. அதில் ஒரு குறி தப்பினால் ஆசாரிதான் பதில் சொல்ல வேண்டும். பத்து மாதப் பையனிடம் அதைக் கொடுக்க யாருக்கும் கை வராது. அதனால் வாசக்காலைக் கேட்காதீர்கள். கழித்துப் போட்ட வேம்பு, மாந்துண்டுகளைக் கேளுங்கள். “ஐயா, வேலை முடிஞ்ச பிறகு இந்தத் துண்டுல ஒரு மூலை சேர்த்துப் பார்க்கட்டுமா? நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்று கேளுங்கள். கற்றுக்கொடுக்கும் மனமுள்ள எந்த ஆசாரியும் அதை மறுக்கமாட்டார். சேர்த்துக் காட்டுங்கள், அவர் பிரித்துக் காட்டுவார், மறுபடி சேருங்கள். பிறகு ஒரு முக்காலி. பிறகு பட்டறைக்கே தேவையான ஒரு பெட்டி. ஆறு மாதம் இப்படிக் கேட்டும் அவர் ஒரு துண்டு மரம்கூடத் தரவில்லை, குறி போடும்போது பக்கத்தில் நிற்கவும் விடவில்லை என்றால், அங்கே நீங்கள் கூலிக்கு ஆள், பழகுபவர் இல்லை. அப்போது வேறு பட்டறை பாருங்கள். 400 ரூபாயா 800 ரூபாயா என்பதை வைத்து ஆசாரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். குறி போடக் கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

பத்து மாதம் உப்புத்தாள் தேய்த்தது வீண் என்றும் நினைக்காதீர்கள். மரத்தின் நார் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் விரலுக்கு இப்போது தெரிந்திருக்கும். எதிர் ஓட்டத்தில் இழைப்புளி ஓட்டினால் செதில் பிய்ந்து வரும். ஓட்டத்தோடு இழைத்தால் சுருள் சுருளாக வரும். கணு எங்கே இருக்கிறது, நடுவிலுள்ள கெட்டியான வைரம் எங்கே முடிந்து ஓரத்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்பதும் கண்ணுக்குப் பழகியிருக்கும். இந்த வெள்ளைப் பகுதி விஷயத்தில் எப்போதும் கறாராக இருங்கள். தேக்கு என்றாலே பூச்சி அரிக்காது என்று மக்கள் நம்புகிறார்கள். வைரத்துக்குத்தான் அந்தக் குணம். தேக்கின் வெள்ளையும் உளுத்துப்போகும். வாங்கும்போதே அதைக் கழித்து விலை பேசத் தெரிந்தவரிடம் வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவு பிடித்துக்கொள்கிறது, சித்திரையில் சந்து விடுகிறது என்று எல்லா வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். காற்றில் உள்ள ஈரத்தை மரம் வாங்கும், விடும். அப்போது அகலத்தில் பெருக்கும், சுருங்கும். நீளத்தில் மாற்றம் கிட்டத்தட்டக் கிடையாது. பழைய கதவுகளில் நான்கு பக்கமும் சட்டம் கட்டி, நடுவில் பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் சும்மா நுழைத்து வைத்திருப்பது இதற்காகத்தான். பலகை காடிக்குள்ளேயே அசைந்துகொள்ளும். இது தெரியாமல் காடியில் பசையை ஊற்றி இறுக்கினால் இரண்டு கோடையில் பலகை நடுவில் வெடிக்கும். வேலை சுத்தமாக இல்லை என்று ஆசாரியைத் திட்டுவார்கள். உண்மையில் வேலை அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்ததுதான் காரணம். பச்சை மரத்தில் அவசரமாகச் செய்த கதவும் இப்படித்தான் முறுக்கும். வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத் தேதியைக் காட்டி நெருக்கினாலும், காயாத மரத்தில் கதவு செய்ய முடியாது என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வர வேண்டும்.

இப்போது ஐடிஐக்கு வருகிறேன். ஐடிஐயில் கார்பெண்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்பு தேறியிருந்தாலே சேரலாம். நீங்கள் பிளஸ் டூ. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தீர்கள் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேட்டு வாங்குங்கள். ஐடிஐ மாணவர்களுக்கும் அது பொருந்தும்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரைபடம். ஐடிஐயில் வரைபடப் பாடம் உண்டு, பட்டறைக் கணக்கு உண்டு. பட்டறையில் வளர்ந்த எத்தனையோ நல்ல கைகாரர்கள் இன்ஜினியர் கொடுக்கும் தாளைப் பார்த்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நீங்க வாயாலயே சொல்லுங்க சார்” என்பார்கள். வாயால் சொன்ன அளவு நாளைக்கு மாறும். சண்டையில் தோற்பது ஆசாரிதான். தாளைப் படிக்கத் தெரிந்தவர், பூச்சுக்கு எத்தனை மில்லிமீட்டர் விட்டிருக்கிறீர்கள், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பார். குறி போடுவதன் முதல் படி அதுதான்.

ஐடிஐயில் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஒரு வருடத்தில் கை பழகாது. சில இடங்களில் இயந்திரம் இருக்கும், ஓடாது. அதனால்தான் ஆசாரியை விட வேண்டாம் என்கிறேன். அங்கே படித்த கோணத்தை இங்கே மரத்தில் பாருங்கள். இங்கே புரியாததை அங்கே ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஐடிஐ முடித்த பின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. 1961-இல் வந்த தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பப்பட்டு எடுக்கலாம். உங்கள் ஆசாரியின் பட்டறை போல இரண்டு மூன்று பேர் இருக்கும் இடங்கள் இதற்குள் வராது. அங்கே எத்தனை வருடம் பழகினாலும் கையில் சான்றிதழ் இருக்காது. பெரம்பூர் ஐசிஎஃப் போன்ற ரயில்வே தொழிற்சாலைகள் கார்பெண்டர் பிரிவில் பழகுநர்களை எடுக்கின்றன. ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று 2019-இல் திருத்திய விதி வைத்தது. ரயில்வேயில் வயது வரம்பு உண்டு. 19 வயதில் உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் அந்தக் கதவு மூடிவிடும். அவசரப்படச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

சென்ட்ரிங் மேஸ்திரி தரும் 800 ரூபாய். வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கிறது, அப்பாவால் ஒரு வருடம் தாங்க முடியாது என்றால் போங்கள், அதில் தாழ்வு எதுவும் இல்லை. சென்ட்ரிங்கும் தச்சு வேலைதான், பொறுப்பு மிகுந்த தச்சு வேலை. கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,500 கிலோ. பத்துக்குப் பத்து அடி அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் கிட்டத்தட்ட மூன்று டன் எடை உங்கள் பலகைமேல் உட்காரும். அதன்மேல் ஆட்கள், வைப்ரேட்டர். சவுக்குக் கம்பை முட்டுக் கொடுக்கும்போது அடியில் வெறும் மண், மேலே ஆப்பு சரியாக இறுகவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். முட்டுக் கம்புகளை எப்போது பிரிப்பது என்பதிலும் விதி இருக்கிறது. ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதிப்படி, நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று நான்காம் நாளே பிரிக்கச் சொல்லும் மேஸ்திரியிடம் ஒரு நாள்கூட இருக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மர வேலை பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், பணம் போதவில்லை என்று எழுதவில்லை. அப்படியிருக்க 800-க்காகப் போனால், அந்தக் கூலி பழகிவிடும். திரும்பி வந்து ஒரு முக்காலிக்காகக் குனிய மனம் வராது. சென்ட்ரிங்கை முறையாகவே கற்க விரும்பினால் காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நடத்தும் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையத்தில் அதற்கென்றே பயிற்சி இருக்கிறது. விசாரித்துப் பாருங்கள்.

மாமா சொல்வதில் பாதி உண்மை. குளியலறைக் கதவு பிவிசிக்குப் போய்விட்டது, ஜன்னல் யுபிவிசிக்கும் அலுமினியத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது, படுக்கையறைக்கு ஃபிளஷ் டோர் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வாசக்காலுக்கு இன்னும் மரம்தான் வேண்டும் என்கிறார்கள். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்து நிறுத்தும் அந்த நிலையை யாரும் பிளாஸ்டிக்கில் கேட்டு நான் பார்த்ததில்லை. பூஜையறைக் கதவும் அப்படித்தான். வேலை பெருகியிருப்பது வீட்டுக்குள்ளே: சமையலறை அலமாரி, துணி அலமாரி, டிவி யூனிட். எல்லாம் பிளைவுட். எட்டுக்கு நான்கு அடி தாளில் எந்தத் துண்டை எப்படி வெட்டினால் கழிவு குறையும் என்று முதலில் காகிதத்தில் போட்டுப் பார்ப்பவர்தான் அந்த வேலையில் காசு பார்க்கிறார். ஈரம் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட், மற்ற இடத்துக்கு ஐஎஸ் 303 என்று வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து இந்த வேலையைச் செய்பவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. அவர்களைப் போட்டியாளர் என்று மட்டும் பார்க்காதீர்கள். வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்தில் நின்று வேலை பாருங்கள்.

“நாம என்ன ஆசாரி வீடா” என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆசாரி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. எட்டு வயதில் அப்பாவுக்கு உளி எடுத்துக்கொடுக்கும்போதே மரத்தின் பெயரும் அளவும் காதில் விழுந்துவிடும். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. அதை ஒரு நோட்டுப் புத்தகத்தால் ஈடுசெய்யலாம். அன்றன்று பார்த்த இணைப்பைப் படமாகப் போட்டு அளவு எழுதுங்கள். இது ரத்தத்தில் வருவதில்லை, பக்கத்தில் இருந்து பார்த்த காலத்தில் வருவது. என்னிடம் இருக்கும் மிகத் திறமையான ஆளின் அப்பா ஆடு மேய்த்தவர். கையால் செய்யும் வேலையைச் சாதியோடு கட்டிவைத்து, இது உனக்கு, இது எனக்கு என்று பிரித்ததால் நம் ஊர் இழந்தது அதிகம். மாமாவிடம் சண்டை போடாதீர்கள். அவர் வீட்டுக்கு ஒரு முக்காலி செய்துகொடுங்கள்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுவர் வெட்டும் ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் போட்டு, காவல் தகட்டையும் கழற்றிவிட்டு அறுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்த மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பல் ஒரு கணுவில் மாட்டினால் மெஷின் கையிலிருந்து எகிறும். விரல், தொடை, முகம் எது கிடைத்தாலும் போகும். யார் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள், கோழை என்று சிரித்தாலும் சரி. மரத்தூளும் சாதாரணமானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூள் மூக்குப் பகுதியில் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல மாஸ்க் வாங்குங்கள். உங்களுக்கு 18 வயது முடிந்துவிட்டதால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தச்சராகப் பதிவு செய்யவும் முடியும். விபத்து உதவியிலிருந்து 60 வயதுக்குப் பிந்தைய ஓய்வூதியம் வரை அந்தப் பதிவில்தான் தொடங்குகிறது. படிப்பை முடித்து முழுநேர வேலைக்கு வந்த முதல் மாதமே செய்துவிடுங்கள்.

கருவி வாங்க வேண்டும் என்று ஆசை வரும். இப்போதைக்கு ஒரு நல்ல டேப், எஃகு மூலைமட்டம் ஒன்று, ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறும் மார்க்கிங் கேஜ் ஒன்று, கால் அங்குலம், அரை அங்குலம், ஒரு அங்குலம் என மூன்று உளி, தீட்ட ஒரு கல். இவை போதும். மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள்: நேரான பலகை ஓரத்தில் வைத்து ஒரு கோடு போட்டு, திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழாவிட்டால் அடுத்ததை எடுங்கள். மெஷின் எதுவும் இப்போது வேண்டாம்.

ஐடிஐ விண்ணப்பம் வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் இணையத்தில் வரும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள். பக்கத்தில் உள்ள அரசு ஐடிஐக்கு அப்பாவோடு ஒரு நாள் நேரில் போய், கார்பெண்டர் பிரிவு அங்கே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஐடிஐயிலும் அது இல்லை. போவதற்கு முன் ஆசாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வேறு யார் வாயாலும் அவருக்கு அது தெரியவரக் கூடாது.